சம்பா ராணிக்குப் போன தபால்

எலச்சிபாளையம்
12.10.2023

என் மாமா நாச்சிமுத்துவுக்குக் கந்தம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நான், நம் மகள் அபிநயா, எருமை இரண்டு, நாய் ஒன்று எல்லோரும் சுகம். அங்கே நீங்கள், ரிக் வண்டி, உங்கள் முழங்கால் வலி மூவரும் சுகமா?

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கும்பிட்டுவிட்டு வந்தவளை இந்த வயதில் பேனா பிடிக்க வைத்துவிட்டீர்கள். இருபத்தாறு வருடமாக ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவர், இமயமலை வரைக்கும் போய், தான் தோண்டின குழிக்குள் தன் செல்போனையே போட்டுவிட்டார் என்று உங்கள் மேனேஜர் சொன்னார். கோழிப்பண்ணையில் என்னோடு முட்டை பொறுக்குகிற அத்தனை பேரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான்தான். "இனி அக்கா கூப்ட்டா பாதாளத்துல இருந்துதான் மாமன் பதில் சொல்லோணும்" என்று ஒருத்தி சொன்னாள்.

அந்த ஊரில் போன் இருந்தாலும் சிக்னல் கிடையாதாமே. தபால்காரர் மட்டும் மலையேறி வருவாராம். அதனால்தான் இந்தக் கடிதம். உறைமேல் இங்கிலீஷ் விலாசம் அபிநயா எழுதியது. அவள் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் விடுதியில் இருந்து நர்ஸ் படிப்பை ஒழுங்காகப் படிக்கிறாள். உங்களைப் போல எதையும் குழியில் போடவில்லை.

அங்கே பெண்கள் எல்லாம் ஆப்பிள் நிறமாம். பார்த்துக்கொள்ளுங்கள். நிறத்தைத் தட்டில் போட்டுச் சாப்பிட முடியாது. களி கிண்டித் தர இங்கே ஒருத்தி இருக்கிறாள் என்பதை மறக்காமல் இருக்கவும்.

உங்கள்,
கந்தம்மாள்


தரோலி கிராமம், சம்பா மாவட்டம்
30.10.2023

அன்புள்ள கந்தம்மாவுக்கு, நாச்சிமுத்து நலம். முழங்கால் மட்டும் குளிரில் தனியாகப் புலம்புகிறது. உன் நலமும் பாப்பா நலமும் அறிந்து சந்தோஷம்.

இங்கே மேகம் கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் வருகிறது. காலையில் டீக் குடிக்கும்போது தம்ளரில் ஆவி எது, மேகம் எது என்று தெரியாது. ரிக்குக்குப் பின்னால் ராடு ஏற்றி வரும் நம் சப்போர்ட் வண்டி டிரைவர் ஒருநாள் மேகத்துக்குள் நின்றுகொண்டு, "அண்ணா, நான் இருக்கறனாங்க?" என்று கத்தினான். இருக்கிறாய் என்று நான்தான் சொன்னேன்.

ஊருக்கு நடுவில் மரத்தாலேயே கட்டிய ஒரு கோயில். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ராஜாக்கள் காலத்தது என்கிறார்கள். இங்கே ராஜா என்றால் செத்துப்போன ஆள் இல்லை. ஏதோ திருச்செங்கோட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறார், சாயந்திரம் திரும்புவார் என்பதுபோலப் பேசுகிறார்கள்.

கோயிலுக்குக் கீழே ஓர் ஊற்று. அதன்மேல் ஆள் உயரப் பலகைக்கல். தண்ணீர்ச் சாமி உட்கார்ந்திருக்க, சுற்றிலும் குதிரைக்காரர்கள், மீன்கள், தாமரைகள். கல்லின் ஓட்டை வழியே தண்ணீர் கொட்டும். சம்பா ராஜாவுக்குக் கீழே இந்தப் பள்ளத்தாக்கை ஆண்ட ராணா ஒருவர், செத்துப்போன தன் மனைவி மேலுலகத்தில் தாகமாக இருக்கக்கூடாது என்று இந்தக் கல்லை நட்டாராம். ஊற்று ஓடும்வரைக்கும் அந்த அம்மாள் குடித்துக்கொண்டே இருப்பாராம். கல்லில் எழுத்தும் இருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியார் வாசித்துக் காட்டினார்.

எனக்கு வெளி ஊர்களில் வண்டியோடு திரிந்து பழகின ரிக் இந்திதான் வரும். அதை வைத்து ஒப்பேற்றுகிறேன். கம்லாம்மா என்று எழுபது வயது அம்மாள் ஒருவர் எனக்கு ரொட்டி போடுகிறார். சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி கட்டுகிறாரே, நமக்குப் போர் ஆர்டர் கொடுத்தவர், அவருடைய தாயார். போர் நன்றாக வந்தது. நூற்றெழுபது அடியில் தண்ணீர். அந்தச் சந்தோஷத்தில் படம் எடுக்கக் குனிந்தபோதுதான் போன் போனது.

ஆப்பிள் நிறத்தைப் பற்றிக் கேட்டாய். அவர்கள் என்னைப் பார்த்து, "ஏனுங்க, உங்கூர்ல எல்லாருமே அடுப்புல இருந்தா வாரீங்க?" என்று கேட்கிற ஊர் இது. நீ பயப்பட வேண்டாம். (அவர்கள் சொல்வதையெல்லாம் நம் பேச்சில் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

இப்படிக்கு, குளிரில் நடுங்கும்
நாச்சிமுத்து


எலச்சிபாளையம்
12.11.2023, தீபாவளி

என் மாமாவுக்கு, எண்ணெய்ச் சட்டி வாசத்தோடு எழுதுவது. எல்லோரும் சுகம். நீங்கள் இல்லாத தீபாவளியில் முறுக்கு மிச்சம் இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

உங்கள் கடிதத்தைப் பண்ணையில் சத்தமாக வாசித்தேன். மேகத்துக்குள் நின்று இருக்கறனா என்று கேட்ட கதையை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள். அந்த ராணாவின் மனைவி மேல் எல்லோருக்கும் பொறாமை. "எங்கூட்டுக்காரரு நான் செத்தா ஒரு வாட்டர் கேன் வெப்பாரு" என்றாள் ஒருத்தி.

எனக்கு ஒன்று தோன்றியது. நம் திருச்செங்கோட்டு மலைமேல் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கிற சாமியில், அந்தப் பெண் பாதி யார்? மலையரசன் மகள். பிறந்த வீடு அங்கே, புகுந்த வீடு இங்கே. அப்படிப் பார்த்தால் நீங்கள் இப்போது சம்பந்தி வீட்டில் இருக்கிறீர்கள். சம்பந்தி வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியுமல்லவா? அதிகம் சாப்பிடக் கூடாது, எதையும் உடைக்கக் கூடாது.

போர் வேலை முடிந்துவிட்டதே, எப்போது வருகிறீர்கள்?

உங்கள்,
கந்தம்மாள்


தரோலி
2.12.2023

அன்புள்ள கந்தம்மாவுக்கு, நலம். நீயும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

பனி விழுவதற்கு முன் ரிக் வண்டி பதான்கோட்டுக்கு இறங்கிவிட்டது. நான் இங்கே இருக்கிறேன். கொஞ்சம் வேலை இருக்கிறது.

கல் ஊற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. போன வாரம் விரல் மொத்தத்துக்கு விழுந்தது. இப்போது நூல்தான். போன வருடம் பனி குறைவு, அதனால் என்கிறார்கள்.

கம்லாம்மா ஒரு கதை சொன்னார். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ராஜா சம்பா நகரத்தைப் புதிதாகக் கட்டினார். குடிக்கத் தண்ணீர் இல்லை. மலையில் இருந்து வாய்க்கால் வெட்டினார். வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் இறங்க மறுத்தது. ராஜாவின் வீட்டில் இருந்து ஓர் உயிர் வேண்டும் என்று கனவு வந்தது. ராணி தானே முன்வந்து மலையேறிப் போனார். அவரை நிற்கவைத்துச் சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள். கடைசிக் கல் வைத்ததும் வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

நேற்றுக் காலை மேகத்துக்குள் நடந்து போனேன். முன்னால் யாரோ நடந்து போவதுபோல் இருந்தது. கொலுசுச் சத்தம்கூடக் கேட்டது. கிட்டே போனால் வெறும் ஆடு. அதன் கழுத்து மணி. ஆனாலும் நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

நாச்சிமுத்து


எலச்சிபாளையம்
15.12.2023

என் மாமாவுக்கு, நான் சுகம். நீங்கள் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நம்பவில்லை.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு கேலி இல்லை. என்னை வம்புக்கு இழுக்காமல் ஒரு பக்கம் முழுக்க எழுதுவதற்கு உங்களுக்குக் காய்ச்சல் நூற்றிநாலாவது இருக்க வேண்டும். வண்டி போய்விட்டது, டிரில்லர் மட்டும் மலைமேல் இருக்கிறார். ரிக் இல்லாத டிரில்லருக்கு அங்கே என்ன வேலை? வண்டி இல்லாத நீங்கள் என்றால் கொம்பு இல்லாத எருமை மாதிரிதான்.

நான் டிரில்லர் இல்லை, டிரில்லர் பெண்டாட்டி. நம் தோட்டத்தில் தொள்ளாயிரம் அடி போட்ட வருடம் வேலிக்கு அந்தப்பக்கம் பெருமாயி கிணறு வற்றியது. அன்றிலிருந்து ஏழு வருடம், அவள் என்னோடு பேசுவதில்லை. எதிரில் வந்தால் எருமையிடம் பேசுகிறாள்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் போட்ட போருக்கும் அந்தக் கல்லுக்கும் எத்தனை அடி தூரம்?

உங்கள்,
கந்தம்மாள்


எலச்சிபாளையம்
16.1.2024, மாட்டுப்பொங்கல்

மாமா,

ஒரு மாதம் ஆகிவிட்டது. பதில் இல்லை. தபால்காரரை நான் துரத்துகிறேன் என்று அவர் இப்போது வேறு தெரு வழியாகப் போகிறார்.

எருமைக்குக் கொம்பில் பச்சை பெயிண்ட் அடித்தேன். நீங்கள் இருந்தால் நீலம் என்பீர்கள். அபிநயா வந்திருக்கிறாள். "அம்மா, அப்பாவ என்ன கேட்டு எழுதுனீங்க?" என்றாள். தூரம்தான் கேட்டேன் என்றேன்.

தூரம் சொல்ல வேண்டாம். உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுதவும். வெறும் தாளை மடித்து அனுப்பினாலும் போதும்.

கந்தம்மாள்


தரோலி
28.1.2024

அன்புள்ள கந்தம்மாவுக்கு, உயிரோடு இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பதில் எழுத உட்காருவேன், எழுந்து போவேன்.

அறுபத்திரண்டு அடி. கல்லுக்கு நேர் மேலே.

இடம் காட்டினது விடுதிக்காரர். சரி என்று சொன்னது நான். நம் ஊரில் தண்ணீர் கீழே படுத்திருக்கும், நாம் போய் எழுப்புவோம். இங்கே தண்ணீர் மலைக்குள் நடந்து போகிறது, கந்தம்மா. நான் அது நடக்கிற பாதையைப் பார்த்துக் குழி போட்டிருக்கிறேன். அது இப்போது கல்லுக்கு வராமல் குழி வழியே கீழ் வெடிப்புக்கு இறங்கிவிடுகிறது. நூற்றெழுபது அடியில் புதுத் தண்ணீர் கிடைத்தது என்று துள்ளினேனே, அது புதுத் தண்ணீர் இல்லை. அந்த அம்மாள் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்.

நான் உனக்கு எழுதாதது இது மட்டும் இல்லை. இன்னொன்று.

போர் போட்ட அன்றைக்கு மத்தியானம் குடிக்கத் தண்ணீர் பிடிக்க ஊற்றுக்கு இறங்கினேன். கல்லின் வாயில் இருந்து சாம்பல் நிறத்தில் பால் மாதிரி வந்தது. கல் மாவு. பாறையை உடைக்கிற நம் ஹேமர் அரைத்த மாவு. அரை மணி நேரம் வந்து நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை. இருபத்தாறு வருட டிரில்லருக்கு அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதா? தெரியும். மேலே ஏறிப்போய், ஓட்டு என்று கையைக் காட்டினேன்.

மார்கழியோடு ஊற்று நின்றுவிட்டது. இப்போது பெண்கள் பனியில் ஒரு மணி நேரம் ஆற்றுக்கு இறங்கி ஏறுகிறார்கள். கம்லாம்மாவும். விடுதி வேலை முடியாததால் மோட்டார் இறக்காமல் போரைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. ராணிக்கு எங்கள்மேல் என்ன கோபமோ என்கிறார்கள். சொல்லிக்கொண்டே என் தட்டில் ரொட்டி வைக்கிறார்கள். அதுதான் இறங்க மாட்டேன் என்கிறது.

நாச்சிமுத்து


எலச்சிபாளையம்
9.2.2024

என் மாமாவுக்கு, கடிதம் வந்தது. உயிர் வந்தது. நான் சுகம், நிஜமாகவே.

சம்பந்தி வீட்டில் எதையும் உடைக்க வேண்டாம் என்று தீபாவளிக்கே எழுதினேன். கேட்டீர்களா? நான் எழுதுவதற்கு முன்னாலேயே உடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சரி. அழுதுகொண்டு எழுதினால் எழுத்து கோணும், அதனால் திட்டி எழுதுகிறேன். முதல் வேலை, போய்ச் சொல்லுங்கள். சாம்பல் தண்ணீரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் சொன்னதாகாது. இரண்டாவது வேலை, அந்தப் போரை மூடுங்கள். தண்ணீர் வரும் போரை ஒரு டிரில்லர் மூடினான் என்றால் திருச்செங்கோடே சிரிக்கும் என்று நினைப்பீர்கள். சிரிக்கட்டும். முதல் ஆளாக நான் சிரிக்கிறேன், மற்றவர்கள் எனக்குப் பின்னால்.

அவர்கள் அடித்தால் வாங்கிக்கொள்ளவும். முழங்காலில் மட்டும் வேண்டாம் என்று சொல்லவும்.

உங்கள்,
கந்தம்மாள்


தரோலி
5.3.2024

அன்புள்ள கந்தம்மாவுக்கு, நலம். அடி விழவில்லை.

கோயில் வாசலில் ஊர் கூடியிருந்தது. சொன்னேன். எனக்குத் தெரிந்த இந்தியில் அறுபத்திரண்டு அடி, சாம்பல் தண்ணீர், பார்த்தேன், பேசவில்லை. நான்கே வார்த்தை போலத்தான் இருந்தது. பனி கூரையில் இருந்து சரிந்து விழுகிற சத்தம் மட்டும்.

போரை மூடலாம் என்றேன். விடுதிக்காரர் குதித்தார். "தண்ணி வர்ற போரை எவனாச்சும் மூடுவானா? உனக்குப் பைத்தியமா?" அன்று சாயந்திரம் கம்லாம்மா போய்ப் போர்க்குழாயின் மூடிமேல் உட்கார்ந்துகொண்டார். கையில் பின்னல் ஊசியும் கம்பளி நூலும். மகன் வந்து கெஞ்சினார்.

"அம்மா, எந்திரி. குளுரு."

"ராணி செவுத்துக்குள்ள நின்னா. நான் மூடி மேல உக்கார மாட்டனா? நீ போய் உன் வேலயப் பாரு சாமி."

மூன்று நாள். மூன்றாம் நாள் பின்னல் முடிந்து ஒரு கால் உறை ஆகியிருந்தது. மகன் சரி என்றார். அந்தக் கால் உறையைக் கம்லாம்மா என் வலிக்கிற முழங்காலுக்குக் கொடுத்தார். தண்ணீர் ஓடுகிற வெடிப்புக்கு மேலேயும் கீழேயும் அடைக்க வேண்டும். கோவேறு கழுதைகளில் சிமெண்ட் மூட்டை ஏற்றிவந்து, கூழாகக் கரைத்து, குழாயை அடிவரைக்கும் இறக்கி ஊற்றினோம். நான் குழி போட்டுத்தான் பார்த்திருக்கிறேன். குழி மூடுவது எவ்வளவு மெதுவான வேலை என்று இப்போதுதான் தெரிகிறது. மூடி ஐந்து நாள் ஆகிறது. கல்லின் வாய் இன்னும் காய்ந்துதான் இருக்கிறது.

பங்குனிக் கடைசியில் சம்பா நகரத்தில் அந்த ராணிக்குத் திருவிழா. பெண்களும் குழந்தைகளும்தான் போக வேண்டும். ராஜா குடும்பத்து ஆண்களுக்குக்கூட அங்கே வேலை இல்லையாம். நானும் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். கம்லாம்மா சிரித்தார். "ஆம்பளைங்க கேக்கற மன்னிப்பு அவளுக்குக் கேக்காது. அவளச் செவுத்துக்குள்ள வெச்சதே ஆம்பளைங்கதான? உனக்காகக் கேக்க உங்கூட்டுல பொம்பள இல்லையா?"

இருக்கிறாள் என்றேன். இரண்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம்.

நாச்சிமுத்து


எலச்சிபாளையம்
16.3.2024

என் மாமாவுக்கு, சுகம். வர ஆசைதான். எருமை ஒன்று கன்று போட நிற்கிறது, அபிநயாவுக்குப் பரீட்சை. அதனால் ஆளுக்குப் பதில் தபால் வருகிறது. உள்ளே ஒட்டிய உறை ஒன்று இருக்கும். அதை நீங்கள் திறக்கக் கூடாது. கம்லாம்மா கையில் கொடுத்துவிட வேண்டும். திறந்தால் எனக்குத் தெரியும்.

கந்தம்மாள்


(உள் உறையில்)

சம்பா நகரத்து ராணியம்மாளுக்கு, எலச்சிபாளையம் கந்தம்மாள் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். சுவருக்குள் நிற்பவரிடம் சுகமா என்று கேட்க வாய் கூசுகிறது. ஆனாலும் கடிதம் என்றால் கேட்க வேண்டும். சுகமா தாயி? உள்ளே காற்று வருகிறதா?

உங்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு உங்கள் பாஷை தெரியாது. நடுவில் நின்று வாசித்துச் சொல்ல அங்கே ஆளும் இல்லை. அதுவும் நல்லதுதான். மனசில் இருப்பதை நடுவில் யாரும் திருத்தாமல் பேசலாம்.

உங்கள் கதையை என் வீட்டுக்காரர் எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது. உங்கள்மேல் இல்லை, உங்கள் ராஜாமேல். கனவு கண்டவர் அவர். சுவருக்குள் போனவர் நீங்கள். கண்டவரே போயிருக்கலாம் அல்லவா? ஆயிரம் வருடமாக இதை யாராவது கேட்டார்களா? நான் கேட்டுவிட்டேன். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரரும் ராஜா ஜாதிதான், குணத்தில். தண்ணீர் வந்தால் போதும், அது யாருடைய வாயில் இருந்து வருகிறது என்று பார்க்க மாட்டார். ஆனால் கெட்டவர் இல்லை தாயி. சாம்பல் தண்ணீரைப் பார்த்துப் பேசாமல் இருந்தது தப்பு. அதை ஊர் நடுவில் தன் வாயால் சொல்லிவிட்டார். போட்ட குழியைத் தன் கையால் மூடிவிட்டார். எங்கள் ஊரில் இந்த இரண்டையும் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் ஆயிரம் அடி போட்டாலும் புகைதான் வருகிறது. அதற்காக ஒருத்தரும் சுவருக்குள் போகவில்லை. ஒருத்தரிடம் ஒருத்தர் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த தோட்டத்தில் இன்னும் நூறடி ஆழமாகப் போட்டோம். நானும் குழிக்குள் எத்தனை ராடு இறங்கியது என்று எண்ணிக்கொண்டு பக்கத்தில் நின்றவள்தான்.

அவருக்காகத் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அவர் ஆற்றுக்கு இறங்கி ஏறட்டும், உடம்பு இளைக்கும். கம்லாம்மாவின் வயதுக்காகக் கேட்கிறேன். அந்த ராணாவின் மனைவிக்காகக் கேட்கிறேன். அத்தனை காலம் குடித்துப் பழகினவள் இரண்டு மாதமாகக் காய்ந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அறிந்தவர்களாகத்தான் இருப்பீர்கள்.

நின்று நின்று கால் வலித்தால் எங்கள் ஊருக்கு வாருங்கள். உங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி எங்கள் மலைமேல் பாதி இடத்தில் ஏற்கெனவே குடியிருக்கிறாள். எங்கள் வீட்டில் களியும் கீரையும் உண்டு. எருமையைக் கட்டுகிற பக்கம் சுவரே கிடையாது. காற்று நன்றாக வரும்.

இப்படிக்கு,
கந்தம்மாள், நாச்சிமுத்து சம்சாரம்


தரோலி
25.4.2024

அன்புள்ள கந்தம்மாவுக்கு, நலம். உறையைத் திறக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

தரோலிப் பெண்கள் பஸ்ஸில் சம்பாவுக்குப் போனார்கள். படியேறிப் பாட்டுப் பாடிக்கொண்டு ராணியின் இடத்துக்குப் போனார்களாம். படித்த பெண் ஒருத்தி, இதைப் போனில் படம் எடுத்தால் என்ன எழுதியிருக்கிறது என்று போனே சொல்லிவிடும் என்றாளாம். கம்லாம்மா அவள் கையைத் தட்டிவிட்டார். "உனக்கா எழுதிருக்கா?" பிறகு தாளைப் பிரித்து, ராணிக்கு முன்னால் இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாராம். ஒருத்தர் நிதானமாகப் படித்து முடிக்கிற நேரம். மற்ற பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். "தலகீழாப் புடிச்சனோ என்னமோ" என்று என்னிடம் சொன்னார். "ஆனா அவ சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அப்பிடி என்ன எழுதுனா உம்பொண்டாட்டி?" எனக்கும் தெரியாது என்றேன்.

சித்திரை ஏழாம் நாள் காலை. கல்லில் தண்ணீர்ச் சாமியின் முழங்கால் கறுத்திருந்தது. நிழல் என்று நினைத்தேன். தொட்டால் ஈரம். மத்தியானம் சொட்டு. அடுத்த நாள் நூல். மூன்றாம் நாள் விரல் மொத்தம், கண்ணாடி மாதிரி. பனி உருகியதாலா, சிமெண்ட் பிடித்ததாலா, உன் தபாலாலா, எனக்குத் தெரியாது. கம்லாம்மாவுக்குத் தெரியும்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. நின்ற ஊற்றைத் திறந்தவர் முதல் குடம் பிடிக்க வேண்டும். செத்துப்போன தன் மனிதர் பெயரைச் சொல்லிக் கையால் அள்ளிக் கல்லின் காலடியில் விட வேண்டும். அவர்கள் குடிப்பார்கள். குடத்தை என் கையில் கொடுத்தார்கள். வெளியூர்க்காரன், உடைத்தவன், என் கையில்.

அப்பன் பெயர்தான் வாயில் வந்தது. ஆனால் வேறு சொன்னேன். "பனங்காட்டுக் கிணறு" என்று சொல்லி ஒரு கை ஊற்றினேன். பிறகு நிறுத்த முடியவில்லை. வேப்பமரத்துக் கிணறு. செட்டியார் கிணறு. மேட்டாங்காட்டுக் கிணறு. இரட்டைக் கமலைக் கிணறு. பள்ளிக்கூடத்துக் கிணறு. பெருமாயி கிணறு. நம் ஊரைச் சுற்றி நான் போட்ட போரால் போனவை மட்டும். வெளியூரில் போனவற்றின் பெயர் எனக்குத் தெரியாது, அவற்றுக்குக் கடைசியில் சேர்த்து ஒரு கை விட்டேன்.

பெண்களுக்கு அர்த்தம் புரியவில்லை. என் முன்னோர் என்று நினைத்து, நான் சொன்ன ஒவ்வொரு பெயரையும் வாய் திரும்பாமல் சொல்லிச் சொல்லி அவர்களும் ஆளுக்கு ஒரு கை ஊற்றினார்கள். "எத்தன பெரிய குடும்பம்! எல்லாருமே போயிட்டாங்களா?" என்றார் கம்லாம்மா.

போய்ட்டாங்க என்றேன்.

அடுத்த வாரம் கிளம்புகிறேன். தண்ணீர் வந்த போரை மூடினவனுக்கு வேலை இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மலை இறங்கப் பஸ், பதான்கோட்டில் ரயில், சேலத்தில் இறங்குவேன்.

நாச்சிமுத்து


எலச்சிபாளையம்
4.5.2024

என் மாமாவுக்கு,

கன்று பெண். நாங்கள் சுகம். இந்தக் கடிதம் வருவதற்குள் நீங்கள் கிளம்பியிருப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் இங்கே வைத்துக்கொள்ள முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு வேலி ஓரம் போய் நின்றேன். பெருமாயி அந்தப்பக்கம் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் எருமையைப் பார்த்துச் சத்தமாக வாசித்தேன். அவள் கிணற்றின் பெயர் வந்த இடத்தில் களைக்கொத்து நின்றது. முடிக்கும்வரை நிமிரவில்லை. முடித்து மடிக்கும்போது கேட்டாள்.

"ஒரு கைதான் ஊத்துனாராக்கும்?"

ஏழு வருடத்தில் முதல் பேச்சு. "அங்கிருக்கற பொம்பளைங்களும் ஆளுக்கொரு கை ஊத்துனாங்களாம்" என்றேன். "அப்பச் செரி" என்றுவிட்டுக் குனிந்துகொண்டாள்.

ஒன்று கேட்க வேண்டும். கடிதத்தை மறுபடியும் மறுபடியும் பார்த்தேன். ஊர்க் கிணறு அத்தனை பெயரையும் சொன்னீர்கள். நம் வீட்டுக் கிணற்றின் பெயர் இல்லை. அதுவும் பெருமாயி கிணறு வற்றிய அதே வருடம்தான் வற்றியது. முள் வெட்டிப் போட்டு மூடினது நீங்கள்தான். மறந்திருக்க மாட்டீர்கள். செத்தவர் பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று வழக்கம். நீங்கள் சொல்லவில்லை. அப்படியானால் அது இன்னும் சாகவில்லையா?

சீக்கிரம் வாங்க. முள்ளை எடுத்துவிட்டு இரண்டு பேரும் எட்டிப் பார்க்கலாம்.

கந்தம்மாள்